ப்ரோனே வீட்டு ஈஸ்ட்

உஷுபே,
20 அக்டோபர் 1985

அன்பு அக்காவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக்கூடாது. ரிமாஸ் அத்தானுக்கும்தான். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. செய்தாயா? சரி, இனிமேல் படி.

இங்கே அப்பா, அம்மா, நான், பசு, நாய் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டோம். வில்னியஸில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் இருமல் எப்படி இருக்கிறது?

போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு ஆல்கிஸுக்குக் கல்யாணம். பீர் வடிப்பது நம் அப்பா. மே மாதம் மதுச் சட்டம் வந்த பிறகு வீட்டில் பீர் வடித்தால் வழக்கு என்று உனக்கும் தெரியும். அப்பாவின் மாவு மில்லிலேயே ஒருவருக்கு வேலை போய்விட்டது. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பீர் இல்லாம நடந்தா அதுக்குப் பேரு கல்யாணம் இல்ல எமிலியா, கூட்டம்," என்று அப்பா சிரித்தார்.

பீரைப் பொங்க வைக்கும் நம் ஈஸ்ட் கோடையிலேயே செத்துவிட்டது. கிணற்றுக்குள் தொங்கவிட்ட ஜாடியின் கயிறு அறுந்து எல்லாம் போயிற்று. அதனால் ப்ரோனே அத்தை வீட்டில் கேட்டோம். ஈஸ்ட் கேட்டு யாராவது இல்லை என்பார்களா? வழக்கம்போல நான்தான் வாங்கப் போனேன். பெரியவர்கள் தூக்கினால் நுரை சோம்பிவிடும் என்று நீ என் வயதில் எத்தனை ஜாடி தூக்கியிருக்கிறாய்! சாயங்காலம் அத்தை பால் கறக்கப் பண்ணைக்குப் போய்விடுவார். அதனால் வெள்ளிக்கிழமை காலையில், பள்ளிக்குப் போகும் வழியிலேயே வாங்கிக்கொண்டேன். ஜாடி வாயில் துணி கட்டிக் கொடுத்தார். நன்றி சொல்லாமல் வந்தேன். சொன்னால் ஈஸ்ட் கோபித்துக்கொள்ளுமே.

மூன்றாவது பாடவேளை, கணக்கு. கோட்டு மாட்டும் அறையில் டமார் என்று வெடித்தது. எல்லோரும் ஓடினோம். வெந்நீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருந்த, என் பக்கத்தில் உட்காரும் எல்வீராவின் பையிலிருந்து நுரை வழிந்து, சுவரில் கண்ணாடிச் சில்லும் பழுப்புச் சேறுமாக அப்பியிருந்தது. பள்ளி முழுக்க பீர் வாசனை.

"யாருதுடி இது?" என்று வைத்கியேனே டீச்சர் கேட்டார்.

"தெரியாது டீச்சர்."

"உன் பைக்குள்ள இருக்கு. உனக்கே தெரியாதா?"

பின்னால் இருந்து ஒரு பையன், "ஏய் எல்வீரா, உன் புஸ்தகத்தப் பிழிஞ்சா ஒரு குவளை தேறுமாடி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

தலைமையாசிரியர் போலீஸுக்குத் தொலைபேசினார். எல்வீராவின் அப்பாவை உனக்குத் தெரியும். பள்ளிக் கொதிகலனுக்குக் கரி போடும் யுர்கிஸ் மாமா. மனைவி செத்த பிறகு இரண்டு வருஷம் ஓயாமல் குடித்தார். ஊரே அவரைத்தான் பார்த்தது.

அது அப்பா வாங்கி வரச் சொன்ன ஜாடி. எல்வீராவின் பைக்குள் எப்படிப் போனது என்று மட்டும் கேட்காதே. நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
ஜிவிலே


வில்னியஸ்,
29 அக்டோபர் 1985

அன்புள்ள ஜிவிலே,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்காலுக்கு இந்தத் தபாலிலேயே ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் நன்றாகத் தேய்க்கச் சொல். தேய்த்த பிறகு கம்பளித் துணி சுற்ற வேண்டும்.

இங்கே மழை. அலுவலகத்தில் தட்டச்சு வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

நீ எழுதியதைப் பற்றி: பள்ளியில் என்ன கேட்டாலும் உனக்குத் தெரியாது. இவ்வளவுதான். இது தானாக அடங்கிவிடும், இரண்டு வாரத்தில் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று ரிமாஸ் சொல்கிறார். இனிமேல் இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. பாடங்களைப் பற்றி எழுது. ரஷ்ய மொழியில் எத்தனை மதிப்பெண்?

அப்பாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
நியோலே


உஷுபே,
5 நவம்பர் 1985

அன்பு அக்காவுக்கு,

களிம்பு வந்து சேர்ந்தது. அம்மா காலை வீசி நடக்கிறார். நாங்கள் நலம். ரஷ்ய மொழியில் ஐந்துக்கு நான்கு.

"ரிமாஸ் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் காட்டிவிட்டாய்.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. காட்டியதைக் கேட்டு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் உன்னை விட்டால் எனக்கு எழுத வேறு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

யுர்கிஸ் மாமா ஒப்புக்கொண்டார். "ஜாடி என்னுது. நான்தான் பொண்ணுகிட்ட குடுத்து அனுப்பினேன்," என்று தலைமையாசிரியர் அறையில் நின்று சொன்னாராம். யாரிடம் வாங்கினாய், யாருக்கு அனுப்பினாய் என்று போலீஸ்காரர் லயோனாஸ் எப்படியெல்லாமோ கேட்டும் வேறு பெயர் வாயில் வரவில்லை. மாமா ஈஸ்டர் முதல் ஒரு சொட்டும் தொடவில்லை என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் ஒரு பீப்பாய்கூட இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டார். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ப்ரோனே அத்தை எல்வீரா வீட்டுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா பன்றிக் கொழுப்பு கொடுத்து அனுப்பினார். எல்லோரும் ஏதாவது கொடுக்கிறார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையே பீர் வேலையைத் தொடங்கிவிட்டார். ப்ரோனே அத்தையின் இன்னொரு ஜாடியைத் தானே போய் வாங்கி, தன் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நுரை சோம்பினால் சோம்பட்டும் என்றார். நேற்று அரைத்த முளைப் பார்லியை வெந்நீரில் பிசைந்து, பெரிய பெரிய உருண்டைகளாக அடுப்பில் வைத்திருந்தபோது வாசலில் சைக்கிள் சத்தம். லயோனாஸ்.

"என்ன ஸ்டாசிஸ் அண்ணே, அடுப்புல என்ன வேகுது?"

"ரொட்டி."

அவர் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். "இவ்வளவு கருப்பாவா?"

"எம் பொண்டாட்டி கைப்பக்குவம் அப்படி. முப்பது வருஷமா இதத்தான் தின்னுட்டிருக்கேன்."

"சும்மா இருங்க," என்று அம்மா அப்பாவின் முதுகில் துணியால் அடித்தார். லயோனாஸ் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மாவட்டத்துலருந்து என்கிட்ட ஒரு கேஸ் கேட்டாங்க, குடுத்தாச்சு. ரெண்டாவது கேஸ் வேணும்னு நான் அலையல அண்ணே. கல்யாணத்துக்கு நானும் வருவேன். டீ குடிக்க."

அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டைகள் ஒரு பக்கம் கருகிவிட்டன. அப்பா கருக விடுகிற ஆள் இல்லை.

அவர்கள் எல்லோரும் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா. நான் அழைத்ததால் எல்வீரா எனக்கு உதவியாக ஜாடியைத் தூக்கினாள் என்று. அப்பா என்னிடம் கேட்கவே இல்லை. "பாவம் அந்தப் பொண்ணு, உனக்காக வாயே திறக்கல," என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதையாவது எரித்துவிடு.

ஜிவிலே


வில்னியஸ்,
16 நவம்பர் 1985

ஜிவிலே கண்ணுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆமாம், காட்டினேன். ரிமாஸ் என் கணவர். எனக்கும் பயமாக இருக்காதா? திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

ஆல்கிஸ் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. மருத்துவர் பேருந்தில் அதிக தூரம் போக வேண்டாம் என்கிறார். காய்ச்சல் ஏதும் இல்லை, கவலைப்படாதே. அம்மாவிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிடு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பச் சொல். சிறியதாக ஒரு ஜோடியும் பின்ன முடிந்தால் நல்லது.

யுர்கிஸ் வளர்ந்த மனிதர். என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்லியிருப்பார். அபராதம் போட்டு அனுப்பிவிடுவார்கள். எல்வீராவை நீ பள்ளியில் நன்றாகப் பார்த்துக்கொள். அது போதும்.

அப்பாவின் பீர் எப்படி வந்தது? இங்கே கடையில் கிடைப்பதைக் குடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்பைக் கரைத்த மாதிரி இருக்கிறது. அதுவும் வரிசையில் நின்று. அடுப்பில் வெந்த முளைத்தானிய மணம் சில நாள் கனவில் வருகிறது.

நியோலே


உஷுபே,
26 நவம்பர் 1985

அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம். காலுறைகளை அம்மா பின்னிக்கொண்டிருக்கிறார். சிறிய ஜோடி யாருக்கு என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். இப்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நன்றாக வருகிறது.

பீரைப் பற்றிக் கேட்டாயே. இந்த முறை மாதிரி ஒருபோதும் வந்ததில்லை என்று ஊரே சொல்கிறது. உருண்டைகள் ஒரு பக்கம் கருகியதால் இருக்கலாம். பானையின் அடியில் வைக்கோல் பரப்பி, உடைத்த உருண்டைகளைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி வடித்தபோது முதல் குவளையை அப்பா வழக்கப்படி என்னிடம்தான் நீட்டினார். இன்னும் ஈஸ்ட் சேராத இனிப்புச் சாறு. தேனும் ரொட்டியின் அடிப்பக்கமுமாக இருந்தது. கசப்புக்குப் போடும் ஹாப் பூவைத் தனியாகக் கொதிக்க வைத்து ஊற்றினோம். முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, ஈஸ்டைச் சேர்த்து, பானையைக் கோட்டால் மூடினோம். விடிந்து பார்த்தால் நுரை கோட்டையே தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா சந்தோஷத்தில் என் தலையில் முத்தமிட்டார். அந்த நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்திருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

கல்யாணத்தில் மேஜை முழுக்கப் பழச்சாறு. பீர் எல்லாம் தேநீர்க் கெண்டிகளில். பண்ணைத் தலைவர் எழுந்து, "மதுவில்லாத புது வாழ்க்கை!" என்று வாழ்த்திவிட்டு, தேநீர்க் கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்தார். மீசையில் நுரை.

"டீ நல்லா ஊறியிருக்கு ஸ்டாசிஸ் அண்ணே," என்றார் லயோனாஸ்.

"சர்க்கரை போதுமா?"

"போதும். இன்னும் ஒரு கெண்டி இந்தப் பக்கம் தள்ளுங்க, தொண்டை கட்டியிருக்கு."

எல்வீராவும் அவள் அப்பாவும் வரவில்லை. அழைத்திருந்தார்கள், வரவில்லை. அவர்களைக் குடியை விட வைக்கும் கட்டாயச் சிகிச்சை முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். அவர்களை என்றா எழுதினேன்? மாமாவைத்தான். ஒரு வருஷமோ இரண்டோ. பழைய குடிப் பதிவு இருப்பதால் அபராதத்தோடு விடமாட்டார்களாம். எல்வீராவையும் அவள் தம்பியையும் வெவ்வேறு விடுதிகளில் சேர்ப்பார்களாம். கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் பேசினார்கள்.

அக்கா, சொல்லிவிடுகிறேன். எல்வீரா ஜாடியைத் தூக்கவில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அன்று இரண்டாவது பாடவேளையில், சிகரெட் தேடிப் பைகளைச் சோதிக்கிறார்கள், பாதியில் விட்டதை அடுத்த இடைவேளையில் தொடர்வார்கள் என்று சொன்னார்கள். கழிவறைக்குப் போவதாகச் சொல்லி ஓடினேன். பைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் எல்வீராவின் பை வரை பார்த்து, மணி அடித்ததும் போயிருந்தார்கள். அடுத்தது என் பை. பார்த்து முடித்த பைதானே, யாரும் மறுபடி தொடமாட்டார்கள் என்று ஜாடியை அவள் பைக்குள் வைத்தேன். மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். வாசனை வரக்கூடாது என்று துணியை அவிழ்த்துவிட்டு, நான் மதியத்துக்குக் கொண்டுபோன புளித்த பால் ஜாடியின் திருகு மூடியை எடுத்து மூடினேன். இரண்டு கையாலும் இறுக்கினேன்.

உயிருள்ள ஈஸ்டை இறுக்கி மூடக்கூடாது என்று நான்கு வயதிலிருந்து எனக்குத் தெரியும். மூடினேன். அதுவும் சூடான குழாய்க்கு மேலே.

இப்போது சொல். நான் என்ன செய்யட்டும்?

ஜிவிலே


உஷுபே,
15 டிசம்பர் 1985

அக்கா,

சுகமா? பத்தொன்பது நாளாகிவிட்டது. தினமும் தபால்காரியைச் சாலையிலேயே நிறுத்திக் கேட்கிறேன்.

மாமாவை முகாமுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும் கமிஷன் ஜனவரி 14ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு, கூட்டுப் பண்ணை அலுவலகத்தில். அறிவிப்புப் பலகையில் யுர்கிஸ் மாமாவின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். எல்வீரா பள்ளிக்கு வருவதில்லை. அவள் இடம் காலியாக இருக்கிறது, என் பக்கத்து இடம்.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

ஜிவிலே


வில்னியஸ்,
27 டிசம்பர் 1985

அன்பு ஜிவிலே,

பண்டிகை வாழ்த்துகள். காலுறைகள் வந்தன. சிறிய ஜோடியை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மே மாதம் குழந்தை பிறக்கும். அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன், நீ முந்திக்கொள்ளாதே.

நான் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நாங்கள் இருப்பது எப்படிப்பட்ட அறை என்று நீ பார்த்திருக்கிறாய். சமையலறையில் நான்கு குடும்பம். ஜன்னலை மூடினாலும் சுவரில் பூஞ்சை. என் இருமல் போகவில்லை. போய்விட்டது என்று பொய் எழுதினேன். மூன்று வருஷமாகப் பட்டியலில் நின்று, இப்போதுதான் ரிமாஸின் தொழிற்சாலையில் எங்கள் பெயர் வந்திருக்கிறது. இரண்டு அறை, தனிச் சமையலறை. ஜனவரி 20ஆம் தேதி உத்தரவில் கையெழுத்தாகும். அதற்கு முன் குடும்பத்தைப் பற்றி எல்லா இடத்திலும் விசாரிக்கிறார்கள். மாமனார் மேல் மதுச் சட்டத்தில் ஒரு வழக்கு என்று ஒரு தாள் வந்தால் போதும், பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். இதே குளிர்காலத்தில் இரண்டு பேருக்கு அப்படி நடந்தது.

நீ சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20ஆம் தேதி வரை பொறு என்கிறேன். கமிஷனுக்குப் பிறகு ஆறு நாள். அதற்குப் பிறகு போய்ச் சொல், யுர்கிஸைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

உன் அக்காவுக்காக இதைச் செய்யமாட்டாயா?

நியோலே


உஷுபே,
4 ஜனவரி 1986

அன்பு அக்காவுக்கு,

உன் இருமலுக்குச் சூடான பாலில் வெண்ணெய் போட்டுக் குடி. குழந்தையைப் பற்றிப் படித்து ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

முகாமுக்குப் போனவர்களைத் திரும்ப அனுப்பிவிடுவார்களா? யாரை அப்படி அனுப்பியிருக்கிறார்கள்? பண்ணையில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் இரண்டு வருஷம் முழுக்க இருந்துவிட்டுத்தான் வந்தார். உனக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன்.

நேற்று எல்வீரா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கிணற்றடிக்குப் போயிருந்தாள். யுர்கிஸ் மாமா சின்னவனின் பூட்ஸுக்கு அடிப்பாகம் தைத்துக்கொண்டிருந்தார்.

"வா, ஸ்டாசிஸ் பொண்ணு. உக்காரு. கல்யாண பீரு கெண்டியில நல்லா ஓடுச்சாமே."

"மாமா, அந்த ஜாடி உங்களுது இல்ல."

"மோந்து பார்த்ததுமே தெரிஞ்சுது. ஆப்பிள் வாசனை. ப்ரோனே வீட்டு ஈஸ்டுக்குத்தான் அந்த வாசனை. கல்யாணத்துக்கு வடிக்கிறது உங்கப்பன். வேற எங்க போகும் அது?"

"அப்புறம் எதுக்கு உங்களுதுன்னு சொன்னீங்க?"

ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை இழுத்தார். "எம் பொண்ண நடுவுல நிக்க வச்சு நாலு பேரு கேக்குறான். தெரியாது, தெரியாதுங்குறா. ஒருத்தனும் நம்பல. நான் ஒருத்தன் ஆமான்னு சொன்னா விட்டுடுவான்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அதுகூடப் பரவால்ல கண்ணு. உங்க வீட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போனேன்னு என்கிட்டயாவது சொல்லலாம்ல? இன்னைக்கும் தெரியாதுன்னுதான் சாதிக்கிறா. பெத்தவன்கிட்டயே பொய். நான் குடிச்சிட்டுக் கிடந்த காலத்துல கத்துக்கிட்டது போல. அதுதான் எனக்குக் கசக்குது. முகாமு கிடக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன், அக்கா. அதற்குள் எல்வீரா வாளியோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, "பாடம் எல்லாம் எவ்வளவு ஆச்சு? நோட்டு குடுப்பியா?" என்று கேட்டாள். மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைத் திருப்பிக்கொண்டார். அவளும் அவர் பக்கம் பார்க்கவில்லை. ஒரே அறைக்குள் இரண்டு பேரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் பொறுப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜிவிலே


தந்தி
வில்னியஸ், 9 ஜனவரி 1986

ஜிவிலே. இருபது வரை பொறு. கெஞ்சிக் கேட்கிறேன். நியோலே.


உஷுபே,
13 ஜனவரி 1986, இரவு

அன்பு அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீயும் உள்ளே இருக்கும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இன்று எங்கள் வீட்டைப் பற்றி நலம் என்று எழுத முடியவில்லை.

தந்தி வந்ததிலிருந்து அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நான்கு நாள் பொறுத்தேன். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் என்னைத் தடுக்க நினைத்து வருத்தப்படாதே.

இன்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். பைச் சோதனை, எல்வீராவின் பை, திருகு மூடி எல்லாவற்றையும். அப்பா கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு தூக்கவே இல்லையா?"

"இல்லப்பா."

"அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுப்பா. யாரும் அவள நம்பல. அவங்கப்பாகூட நம்பல."

அப்பா கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கோட்டை எடுத்தார். அம்மா கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க? பெரியவளுக்கு வீடு வரப்போகுது, வயித்துல புள்ள வேற. ஆறு நாள், ஸ்டாசிஸ். ஆறே நாள்."

உன் கணவர் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார், அக்கா. எனக்கு இன்றுதான் தெரிந்தது. உனக்கு முன்பே தெரியுமா?

"அவன் குடிச்ச ஆளுதானே," என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். "போயிட்டு வரட்டும். புள்ளைங்கள நம்ம வீட்டுல வச்சுப் பாத்துக்குவோம். நான் சோறு போடுறேன். என் ரெண்டு புள்ளைக்கு மேல அதுங்களுக்குப் போடுறேன்."

அப்பா கோட்டை ஆணியில் திரும்ப மாட்டினார். தொழுவத்துக்குப் போய்விட்டார். நான் தட்டுகளைக் கழுவினேன். அம்மா என்னைத் திட்டவில்லை. கழுவிய தட்டுகளை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கழுவினார்.

நான் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் பள்ளிக்குப் போகாமல் பண்ணை அலுவலகத்துக்குப் போவேன். கமிஷனில் வைத்கியேனே டீச்சரும் உட்காருவார். அவர் கையில் கொடுப்பேன். ஜாடியை எல்வீராவின் பையில் வைத்தது நான், மூடியை இறுக்கியது நான், எல்வீரா சொன்னது அத்தனையும் உண்மை என்று எழுதியிருக்கிறேன். யாரிடம் வாங்கினாய் என்று கேட்பார்கள். ப்ரோனே அத்தையின் பெயரைச் சொல்லமாட்டேன். வீட்டில் வடிப்பது யார் என்று கேட்டால் நான் என்று சொல்ல நினைத்தேன். பார்லியை எப்படி முளைக்க வைப்பது, உருண்டையை எவ்வளவு நேரம் சுடுவது, முழங்கையில் எந்தச் சூடு இருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் வரிக்கு வரி அப்பாவின் குரல்தான் கேட்டது. அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். முதல் தாள் மட்டும் இருக்கிறது.

அதனால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். தெரியாமல் செய்கிறேன் என்று நினைக்காதே. பூஞ்சைச் சுவருக்குப் பக்கத்தில் நீ குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். என்னை வெறுக்க வேண்டுமென்றால் வெறுத்துக்கொள். ஆனால் எல்வீரா உண்மையைச் சொன்னாள், அவள் அப்பாவே அதை நம்பவில்லை. நாளைக்கு அவரை வண்டியில் ஏற்றிவிட்டால் நம்பாமலேயே போய்விடுவார். இரண்டு வருஷம். அதற்குப் பிறகு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கீழே அடுப்பங்கரையில் சத்தம் கேட்கிறது. தொழுவத்திலிருந்து அப்பா வந்துவிட்டார். தண்ணீர் சுட வைக்கிறார். கொஞ்ச நேரம் எழுதாமல் காது கொடுத்துக் கேட்டேன்.

சவரம் செய்கிறார், அக்கா. கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுகிற சத்தம். இந்த நேரத்தில் யார் சவரம் செய்வார்கள்? அலமாரிக் கதவு திறக்கிறது. "அந்த வெள்ளைச் சட்டை எங்க?" என்று கேட்கிறார். திரும்பவும் கேட்கிறார், மெதுவாக. இப்போது இஸ்திரிப் பெட்டியை அடுப்பின் மேல் வைக்கிற சத்தம். அம்மாதான் வைக்கிறார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகூட அந்தச் சட்டையைப் போடுவதில்லை. பெரிய இடத்தில் போய் நிற்க வேண்டியிருந்தால்தான்—

படியில் காலடிச் சத்தம். டார்ச்சை அணைக்க வேண்டும். என் அறைக் கதவைத் தட்டுகிறார். "ஜிவிலே, தூங்கிட்டியாம்மா? நாளைக்கு நாம ரெண்டு பேரும் பண்ணை ஆபீஸுக்கு—